செவ்வாய்க்கிழமை நிரம்பும் தொட்டி

மழை பெய்து இருபத்து மூன்று நாள்கள் ஆகியிருந்தன. வானம் கழுவிக் கவிழ்த்த தட்டைப் போல வெறுமையாக இருந்தது. அப்படியிருந்தும், குழந்தைகள் காப்பகத்தின் பின்முற்றத்தில் நின்ற மழைநீர்த் தொட்டி கழுத்துவரை நிரம்பியிருந்தது.

துப்பறியும் அண்ணியார் அத்தொட்டியை மூன்று முறை வலம் வந்தார். அவர் இருபது ஆண்டுகள் அஞ்சலகத்தில், முகவரி சரியில்லாத கடிதங்களுக்கு உரியவர்களைக் கண்டுபிடிக்கும் பிரிவில் பணியாற்றியவர். பின்னர் விருப்ப ஓய்வு பெற்றுத் துப்பறியும் நிலையம் தொடங்கியவர். அவருடைய கணவரின் தம்பியாகிய கொழுந்தனார்தாம் அந்நிலையத்தின் ஒரே உதவியாளர். காப்பீட்டு முகவராக இருந்த காலத்தில் ஒருவரையும் சம்மதிக்க வைக்காத அவருடைய வாய், இங்கே வந்த பிறகு ஒருவரையும் சும்மா விட்டதில்லை.

"இது திருட்டே இல்லயே அண்ணி," என்றார் அவர், தொட்டிக்குள் தெரிந்த தம் முகத்தில் தலைமுடியைச் சரிசெய்தவாறு. "திருடன்னா எதையாவது எடுத்துட்டுப் போவான். இவன் கொண்டுவந்து வெச்சுட்டுப் போறான். பிடிச்சா விலங்கு மாட்டறதா, நன்றி சொல்றதா?"

காப்பகத்தை நடத்தும் ஆசிரியை சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் அவர் இல்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட இருபத்திரண்டு குழந்தைகள் உள்ளறையில் பாய் விரித்து உறங்கிக்கொண்டிருந்தனர். பேருந்து ஓட்டும் தாய், மருந்துக்கடையில் நிற்கும் தாய், துணி ஆலையில் பகல் முறை பார்க்கும் தந்தை எனப் பலரும் அக்காப்பகத்தை நம்பியே காலையில் வீட்டைப் பூட்டினர். மாலை நான்கு மணிக்கு மழைநீர் ஆய்வாளர் வருவார். தொட்டியில் நீர் இருந்தால் மூன்றாவது அறிவிப்பை எழுதுவார். மூன்றாவது அறிவிப்பு எழுதப்பட்டால் காப்பகத்தின் உரிமம் போய்விடும். நாளைக் காலையில் கதவில் பூட்டுத் தொங்கும்.

அப்பகுதியில் இரண்டு நகரங்கள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டிருந்தன. ஆற்றோரப் பள்ளத்தில் இருந்தது கீழ்நகரம். மேட்டில் இருந்தது மேல்நகரம். காப்பகம் கீழ்நகரத்தைச் சேர்ந்தது. பள்ளத்தில் இருப்பவர்களுக்கு வெள்ளம் என்றால் அச்சம். ஆகவே அந்நகரத்தின் விதி எளியது: கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடிக்க வேண்டும், மூன்று நாள்களுக்குள் அதை மெல்ல மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும், அடுத்த மழைக்கு இடம் வைத்துத் தொட்டி எப்போதும் காலியாகக் காத்திருக்க வேண்டும். ஒரு துளியும் தெருவுக்குப் போகக் கூடாது.

ஆசிரியை தம் கதையைச் சொன்னார். திங்கள் மாலையில் தொட்டியைத் துணியால் துடைத்துவிட்டே படுக்கிறார். செவ்வாய் நண்பகலில், குழந்தைகளுக்கு உணவு ஊட்டும் ஒரு மணி நேரத்தில், தொட்டி தானாக நிரம்பிவிடுகிறது. மாலையில் குழந்தைகளை அனுப்பிவைக்கும் பரபரப்பில் அவர் பின்முற்றத்துக்குப் போவதில்லை. புதன் காலையில் பார்த்தால் அடியில் ஒரு சாண் நீர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இப்படி இரண்டு செவ்வாய்கள் கழிந்துவிட்டன, இன்று மூன்றாவது. குடிநீர்க் குழாயை மூடிப் பார்த்தாயிற்று. மீட்டர் அசையவே இல்லை. ஆய்வாளரிடம் உண்மையைச் சொன்னபோது, அவர் அறிவிப்பின் குறிப்புப் பகுதியில் 'நீர் தானாக வந்ததாகக் கூறுகிறார்' என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டுப் போனாராம்.

நாமே மொண்டு வெளியே ஊற்றிவிட்டால் என்ன என்று கொழுந்தனார் கேட்டார். எங்கே ஊற்றுவது என்று ஆசிரியை திருப்பிக் கேட்டார். முற்றம் முழுவதும் சிமெண்டு. தொட்டியிலிருந்து மண்ணுக்கு இறங்கும் வடிகுழாயோ விரல் அளவே இருந்தது. அது வேலையை முடிக்க மூன்று நாள் வேண்டும். தெருவில் ஊற்றினால் அதற்குத் தனி அறிவிப்பு. மிச்சம் இருப்பவை எட்டுப் பூந்தொட்டிகள்.

"எட்டுப் பூந்தொட்டிக்கு ரெண்டாயிரம் லிட்டர்," என்று கொழுந்தனார் கணக்கிட்டார். "செடி நீச்சல் கத்துக்கிட்டா சரிவரும்."

அண்ணியார் அதைக் காதில் வாங்கவில்லை. உள்ளறையின் சன்னலில் இருந்த கண்ணாடிக் குடுவையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் விரல்நகம் அளவில் பதினான்கு மீன்கள் திரிந்தன. முதல் புதனன்று ஏழும் அடுத்த புதனன்று ஏழுமாகத் தொட்டியின் அடிநீரில் அவை கிடைத்தன என்றும், குழந்தைகள் பதினான்குக்கும் ஒரே பெயரை வைத்திருப்பதால் கூப்பிடுவது எளிதாக இருக்கிறது என்றும் ஆசிரியை சொன்னார்.

அண்ணியார் திரும்பி வந்து தொட்டிக்குள் குனிந்து எண்ணினார். ஏழு.

"மீன் முகவரி எழுதாத தபால், தம்பி. ஆனா முத்திரை இருக்கும். உள்ள வாங்க."

பெரியவர்களுக்கான நாற்காலி ஒன்றே இருந்தது. அதில் அண்ணியார் அமர்ந்தார். கொழுந்தனார் நான்கு வயதினருக்கான மஞ்சள் நாற்காலியில் தம்மைப் பொருத்திக்கொண்டார். அண்ணியார் கைப்பையிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்தார். ஒன்று கீழ்நகரத்தின் மழைநீர் விதிகள்; மற்றொன்று மேல்நகரத்தினுடையது. இரண்டையும் அக்கம்பக்கமாக விரித்து, சம்பந்தம் பேச வந்த இரு வீட்டாரைப் பார்ப்பதுபோல மாறி மாறிப் பார்த்தார்.

மேட்டில் இருக்கும் மேல்நகரத்துக்கு வெள்ளம் பற்றிய கவலை இல்லை. வறட்சி பற்றியே கவலை. ஆகவே அங்கே எல்லாம் தலைகீழ். தொட்டியில் சிவப்புக் கோடுவரை நீர் எப்போதும் இருக்க வேண்டும். கொசுப்புழுவைத் தின்பதற்காக, கேட்கும் வீட்டுக்கெல்லாம் நகர அலுவலகமே மீன் கொடுக்கும். ஒரு பைக்கு ஏழு மீன். கீழ்நகரத்தில் மீனுக்கு வேலையே இல்லை, ஏனெனில் நீர் இல்லை.

"அப்ப தண்ணி மேல இருந்துதான் எறங்குது," என்றார் கொழுந்தனார். "ஆனா அவங்களுக்குத்தான் தண்ணி வேணுமே. வேண்டியத எதுக்குப் பக்கத்து ஊர்ல கொண்டு கொட்டணும்?"

அண்ணியார் விரலை ஆறாம் விதியின்மேல் வைத்தார். வாரந்தோறும் செவ்வாயன்று தொட்டியின் உட்புறத்தை அடிமுதல் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு விரலை ஏழாம் விதிக்கு நகர்த்தினார். தொட்டியில் சேர்ந்த நீரை எக்காரணத்தாலும் வீணாக வெளியேற்றக் கூடாது. புதன்கிழமை ஆய்வில் அது கோடுவரை இருக்க வேண்டும்.

கொழுந்தனார் இரண்டையும் இரண்டு முறை படித்தார். "அதாவது குளிக்கணும், ஆனா நனையக் கூடாது."

"மழைக்காலத்துல பரவாயில்ல, தொட்டி மறுபடி நெறஞ்சிடும். இப்ப மூணு வாரமா மழை இல்ல. கழுவுற நேரத்துக்குத் தண்ணிய எங்கயாவது வெச்சுட்டு, அப்புறம் எடுத்துக்கணும். மேல்நகரத்துல யாருமே இத ஒழுங்காச் செய்யறதில்லன்னு நெனைக்கிறேன், ஒரு வீட்டத் தவிர."

"யாரோ பெரிய ஃபிராடு."

"இல்ல தம்பி. சட்டத்த மீறுறவங்களுக்கு இவ்வளவு வேலை இருக்காது. இது சட்டத்துக்கு முழுசாக் கட்டுப்படற ஆளோட வேலை."

பின்சுவர் எட்டடி உயரம் இருந்தது. அதன் உச்சியில் படர்ந்திருந்த பாசி ஓரிடத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. ரப்பர் குழாய் ஒன்று அங்கே அடிக்கடி படுத்து எழுந்திருக்கிறது என்பது விளங்கிற்று. அச்சுவருக்கு அப்பால் மேல்நகரம். சுவரின் பருமன் ஒரு சாண். சாலை வழியே போனால், பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஆறு கிலோமீட்டர். குழந்தைகள் ஏறிவிடுவார்கள் என்பதால் காப்பகத்தில் ஏணி வைப்பதில்லை. ஆகவே கொழுந்தனாரின் ஸ்கூட்டர் ஆறு கிலோமீட்டரையும் இருமிக்கொண்டே கடந்தது.

மேல்நகரத் தெருவில் முப்பது வீடுகள் ஒரே அச்சில் வார்த்தவைபோல நின்றன. எல்லாவற்றுக்கும் சாம்பல் நிற வாயிற்கதவு. எல்லாவற்றுக்கும் பின்னால் அதே சுவர். எந்த வீட்டின் முதுகு காப்பகத்தின் முதுகைத் தொடுகிறது என்று எவ்வாறு அறிவது? கொழுந்தனார் ஒவ்வொரு வீடாக மணியடிக்கலாம் என்றார். அண்ணியார் மணியைப் பார்த்தார். மூன்றேகால். பிறகு அலைபேசியில் ஆசிரியையை அழைத்து, குழந்தைகளை எழுப்பி, முற்றத்தில் நிறுத்தி, தெரிந்த பாட்டு எதையாவது தொண்டை கிழியப் பாடச் சொன்னார்.

இருபத்திரண்டு பேரைத் தூங்கவைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று இவருக்குத் தெரியுமா என்று மறுமுனையில் ஒரு தாழ்ந்த குரல் கேட்டது. தெரியும் என்றும், உரிமம் போனால் இனி அந்தச் சிரமமே இருக்காது என்றும் அண்ணியார் பதிலளித்தார்.

இரண்டு நிமிடத்தில் பாட்டு எழுந்தது. அதில் இராகம் இல்லை, வலிமை இருந்தது. இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு தெருவில் நடந்தனர். பத்தாம் வீட்டருகே அது முணுமுணுப்பு. பதினான்காம் வீட்டருகே அது சண்டை. பதினாறாம் வீட்டின் வாயிலில் நின்றபோது, சன்னல் கண்ணாடி அதிர்வதைக் கொழுந்தனார் கண்ணால் கண்டார்.

வாயிற்கதவு திறந்தே இருந்தது. வீட்டைச் சுற்றிப் பின்புறம் போனார்கள். அங்கே ஒரு மழைநீர்த் தொட்டி பக்கவாட்டில் சாய்த்துக் கிடத்தப்பட்டிருந்தது. அதன் வாயிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீண்டிருந்தன. உள்ளே தேய்க்கும் ஓசை கேட்டது.

"அளக்க வந்தீங்களா?" என்று தொட்டி எதிரொலியோடு கேட்டது. "நாளைக்கு வாங்க. இன்னிக்குத் தண்ணி வெளிய போயிருக்கு."

கொழுந்தனார் தம் வாழ்நாளில் இவ்வளவு விரைவாக ஒரு வாக்குமூலத்தைக் கேட்டதில்லை.

கால்களுக்கு உரிய பெண்மணி தேய்ப்பானோடு வெளியே வந்தார். முகத்தில் சோப்பு நுரை இருந்தது. குற்ற உணர்ச்சி இல்லை. விதி ஆறையும் விதி ஏழையும் ஒன்றாக நிறைவேற்றத் தாம் கண்ட வழியை அவர் பெருமையோடு விளக்கினார். நண்பகலில் குழாயைச் சுவருக்கு மேலே போட்டு வாயால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டால், பள்ளத்தைப் பார்த்து நீர் தானே இறங்கிவிடும். மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்து வரும் அவருடைய அண்ணன் மோட்டாரைக் கொண்டுவருவார். நீர் திரும்ப மேலேறிவிடும். மீன்கள் மட்டும் வடிகட்டியில் ஏறாமல் கீழேயே தங்கிவிடுகின்றன. வாராவாரம் மீன் கேட்டுப் போவதால், அலுவலகத்தில் இவர் வறுத்துத் தின்கிறார் என்று பேசிக்கொள்கிறார்களாம்.

"அந்தத் தொட்டி யாரோடதுன்னு நீங்க யோசிக்கலியாம்மா?" என்று அண்ணியார் கேட்டார்.

"ஸ்டூல் போட்டு எட்டிப் பாத்தேங்க. மூடில நகராட்சி முத்திரை இருந்துச்சு. சரி, பொதுத் தொட்டின்னு நெனச்சேன். அங்க ஒரு வீடு இருக்குன்னே இன்னிக்கு இந்தப் பாட்டு கேட்டப்பதான் தெரியும்." பிறகு அவர் குரல் தாழ்ந்தது. "எங்க வீட்டுக்காரருக்கு விதின்னா உயிரு. ஆறும் நடக்கணும், ஏழும் நடக்கணும்னு சொல்லிட்டு ஆபீஸ் கெளம்பிடுவாரு. எப்படி நடக்குதுன்னு ஒரு நாள் கேட்டதில்ல."

காப்பகத்தின் நிலைமையை அண்ணியார் சுருக்கமாகச் சொன்னார். பெண்மணியின் முகத்திலிருந்த நுரை வாடியது. நீரை இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் மோட்டார் ஐந்து மணிக்குத்தான் வரும். ஆய்வாளரோ நான்கு மணிக்கு. அப்போது மணி மூன்று ஐம்பது. ஸ்கூட்டரில் திரும்பினால், அறிவிப்பில் மை காய்ந்த பிறகே போய்ச் சேர முடியும்.

அண்ணியார் ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டார். தாம் கூப்பிடும்போது தலையைக் காட்டி, இந்த நீர் எங்கள் கூரையில் விழுந்தது என்று சொன்னால் போதும் என்று பெண்மணியிடம் வாக்குப் பெற்றுக்கொண்டார். பின்னர் சேலையை இடுப்பில் செருகி, சுவரேறி, மறுபுறம் தொட்டியின் மூடிமேல் கால் வைத்து இறங்கினார். கொழுந்தனாரும் ஏறினார். ஏறியதோடு சரி. சுவரின் மேல் குதிரையேற்றமாக அமர்ந்தபின், எந்தப் பக்கம் இறங்குவதும் உடம்புக்கு ஆகாது என்று அவருக்குத் தோன்றியது.

நான்கு மணி அடித்தது. ஆய்வாளர் வந்தார். தேய்த்த சட்டை, கையில் அளவுகோல், அக்குளில் படிவப் புத்தகம். அவர் முதலில் பார்த்தது தொட்டியை அன்று.

"நீங்க யாரு? எந்த நகரம்?"

"வலது கால் உங்களோடது சார்," என்றார் கொழுந்தனார் மேலிருந்து. "இடது கால் அடுத்த ஊரு. நடுவுல இருக்கறதப் பத்தி எந்தப் புத்தகத்துலயும் எழுதல."

ஆய்வாளர் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. அது அவருடைய துறை அன்று. அளவுகோலைத் தொட்டிக்குள் இறக்கினார், எடுத்தார், ஈரத்தைப் பார்த்தார், ஆசிரியையைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினார். தமக்கு இதில் மகிழ்ச்சி ஏதும் இல்லை என்றார். மனம் வைத்தால் எந்த விதியையும் கடைப்பிடிக்கலாம் என்றார். தம் வீட்டையே எடுத்துக்கொள்ளலாம் என்றும், இதைவிடக் கடுமையான இரண்டு விதிகளை அங்கே ஒரு வாரமும் தவறாமல் நிறைவேற்றுகிறார்கள் என்றும், அதற்காக அந்தத் தெருவிலேயே தமக்கு மட்டும் பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது என்றும் சொல்லியவாறே மூன்றாவது அறிவிப்பின் தாளைப் புரட்டினார்.

ஆசிரியை சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஒரே ஒரு சந்தேகம் சார்," என்றார் அண்ணியார். "ஒரு தொட்டியில நிக்கற தண்ணிக்கு யாரு பொறுப்பு? உங்க விதி என்ன சொல்லுது?"

ஆய்வாளர் புத்தகத்தைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். "பதினோராம் விதி. நீர் எந்தத் தொட்டியில் நின்றாலும், எந்த நகரத்திலிருந்து வந்தாலும், அது எந்தக் கூரையில் விழுந்ததோ அந்தக் கூரைக்குரிய குடும்பத்தலைவரே அதற்குப் பொறுப்பாவார்."

"அப்ப நோட்டீஸ் அவருக்குத்தான் போகணும்?"

"சந்தேகமே இல்ல. ஆனா கூரை இங்க இருக்கே."

அண்ணியார் மீன்களைக் காட்டினார்; ஏழின் கணக்கைச் சொன்னார்; பாசியில் தேய்ந்த தடத்தைக் காட்டினார். ஆய்வாளர் யாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மீன் சாட்சிக்கூண்டில் ஏறாது என்றும், கூரைக்குரியவர் வீட்டிலிருந்து ஒருவர் நேரில் வந்து ஒப்புக்கொண்டால் அடுத்த நொடியே பெயரை மாற்றி எழுதுவதாகவும், யாராக இருந்தாலும் தமக்கு வேறுபாடு இல்லை என்றும் உறுதியாகச் சொன்னார்.

"அம்மா," என்று அண்ணியார் சுவரைப் பார்த்துக் கூப்பிட்டார்.

கொழுந்தனாரின் முழங்காலுக்கு அருகே ஒரு தலை எழுந்தது. அது முற்றத்தைச் சுற்றிப் பார்த்தது. பிறகு ஒரே இடத்தில் நின்றது.

"ஏங்க," என்றது. "மதியம் சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க," என்றார் கொழுந்தனார், நன்றியோடு.

அக்கேள்வி தமக்கு உரியதன்று என்பது அவருக்குச் சற்றுப் பின்னரே விளங்கியது. ஏனெனில் கீழே நின்ற ஆய்வாளரின் கையிலிருந்து அளவுகோல் நழுவித் தொட்டிக்குள் விழுந்துவிட்டது.

"நீ இங்க என்ன பண்ற?" என்றார் ஆய்வாளர்.

"நான் எங்க இங்க வந்தேன், நம்ம வீட்லதான நிக்கிறேன். நீங்க இங்க என்ன பண்றீங்க?"

ஆய்வாளர் சுவரைப் பார்த்தார். ஒவ்வொரு செவ்வாயும் கீழ்நகர அலுவலகத்திலிருந்து கீழ்நகரத் தெருவழியாகவே வந்தவர் அவர். ஒவ்வொரு மாலையும் பாலம் சுற்றி மேல்நகரம் போனவர். தம் வீட்டின் சுவரும் இந்தச் சுவரும் ஒரே சுவரா என்று எந்தப் படிவமும் அவரைக் கேட்டதில்லை.

"செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை சாப்பிடறப்ப ஒரு அம்மாவப் பத்தித் திட்டுவீங்களே," என்று மனைவி மெதுவாகச் சொன்னார், "மழையே இல்லாமத் தொட்டிய ரொப்பி வெக்கிறாங்கன்னு. இவங்கதானா அது? நானும் கூடச் சேந்து திட்டினேனே." அவர் ஆசிரியையின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்குங்க டீச்சர். அது எங்க கூரைத் தண்ணி."

குழந்தைகள் சன்னலில் வரிசையாக நின்று, பெரியவர்கள் விளையாடும் இந்த விளையாட்டு என்னவென்று பார்த்தார்கள். ஆய்வாளர் பேனாவை மூடினார். அடுத்த நகரத்தில் வசிக்கும் ஒருவருக்கு அறிவிப்பு எழுதுவதற்கு மேலிட ஒப்புதல் தேவைப்படலாம் என்றும், அதுவரை இதை இப்படியே எழுதிவைப்பது பற்றியும் ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினார். பாதியிலேயே நிறுத்திவிட்டார். எந்த நகரத்திலிருந்து வந்தாலும் என்று சற்றுமுன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தவர் அவரே.

ஆசிரியை சுவரை விட்டு நிமிர்ந்தார். "சார், நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு இருபத்திரண்டு பேர் வருவாங்க. கதவு தெறந்திருக்கும்னு நான் இப்பவே அவங்க அம்மா அப்பாகிட்ட சொல்லணும். சொல்லலாமா?"

ஆய்வாளர் நெடுநேரம் யோசித்தாரா, அல்லது நேரந்தான் நீண்டதா என்பது கொழுந்தனாருக்குத் தெரியவில்லை. அவருடைய இரு கால்களும் இரு நகரங்களிலும் மரத்துப்போயிருந்தன. இறுதியில் ஆய்வாளர் உள்ளேயிருந்த மஞ்சள் நாற்காலியை முற்றத்துக்கு இழுத்துப் போட்டு அமர்ந்தார். முந்தைய இரண்டு அறிவிப்புகளின் படிகளையும் கேட்டு வாங்கி, குறுக்கே கோடிட்டு, 'தவறான கூரை' என்று எழுதிக் கையொப்பமிட்டு ஆசிரியையிடம் நீட்டினார்.

"சொல்லிடுங்க டீச்சர். தெறந்திருக்கும்."

பிறகு புதிய தாள் ஒன்றை எடுத்தார். கூரைக்குரியவர் என்ற இடத்தில் தம் பெயரை எழுதினார். ஆய்வு செய்தவர் என்ற இடத்திலும் தம் பெயரையே எழுதினார். கொடுத்தவர், பெற்றுக்கொண்டவர் என்ற இரண்டு இடங்களிலும், ஒன்றுக்கொன்று இம்மியும் மாறாமல், கையெழுத்திட்டார். ஒவ்வொரு கட்டத்தையும் வாய்விட்டுப் படித்தபடியே நிரப்பியதால், மேலிருந்த கொழுந்தனாருக்கும் எல்லாம் கேட்டது. கடைசிக் கட்டம் வந்தது: ஆய்வின்போது குற்றம் புரிந்தவரின் நடத்தை.

ஆய்வாளர் சற்றே எண்ணிப் பார்த்து, "முழு ஒத்துழைப்பு அளித்தார்," என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் தாளில் வைத்தார்.

"அத இப்ப எழுதாதீங்க," என்றது சுவருக்கு மேலிருந்த தலை. "வீட்டுக்கு வாங்க. தேய்ப்பான் தர்றேன், மீதித் தொட்டிய நீங்க தேய்ங்க. பாத்துட்டு நான் சொல்றேன்."

ஆய்வாளர் பேனாவை எடுத்தார். அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டார்.